சிவப்பு வட்டத்துக்கு ஏறியவள்

டீச்சர்,

தலையணை உறைக்குள் கையை விட்டேன். நீங்கள் கொடுத்த தோல் அட்டை தட்டுப்பட்டது. எடுத்து மோந்து பார்த்தேன். வாசனை இன்னும் போகவில்லை. முதல் நாள் இதை மோந்துவிட்டு, செருப்புக்கடை வாசனை அடிக்கிறது என்று சொன்னேன். "கடை இல்லம்மா, கம்பெனி. எங்க அண்ணன் சட்டைய எத்தன தடவ தோய்ச்சாலும் இந்த வாசனதான்" என்றீர்கள். வாணியம்பாடியில் உங்கள் அண்ணன் வேலை பார்த்த ஷூ கம்பெனியில் கழித்துப் போட்ட துண்டு இது. உள்ளங்கை நீளம் இருக்கும். நடுவில் பிளேடால் கீறி, புத்தகத்தின் ஒரு வரி மட்டும் தெரிகிற அளவுக்கு ஜன்னல் வெட்டியிருந்தீர்கள். காகித அட்டையாக இருந்தால் என் தங்கை சினேகா மென்று தின்றுவிடுவாள் என்றுதான் தோலில் வெட்டினீர்கள். அவள் இதையும் மென்றாள். ஒரு மூலையில் அவள் பல் பதிந்த இடம் இருக்கிறது.

விடுதியில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். குளியலறைக்கு வெளியே இருக்கிற பல்பின் கீழே உட்கார்ந்து கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். வார்டன் அக்கா பார்த்தால் திட்டுவார்கள். திட்டினால்கூடப் பரவாயில்லை, வாங்கிப் படித்துவிடுவார்கள். யாராவது எழுந்து வந்தால் நோட்டை மூடிவிட்டு வயிற்றுவலி என்று சொல்வதாக இருக்கிறேன்.  

நாளைக் காலையில் அப்பா வருகிறார். ஹெச்.எம். சார் வரச்சொல்லி ஆள் அனுப்பியிருக்கிறார். சினேகாவை வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள். 'வீட்டுவழிக் கல்வி' என்று எழுதிக்கொள்வார்களாம். பள்ளிக்கூடத்தில் அவள் பெயர் இருக்கும், அவள் இருக்க மாட்டாள். எப்போதாவது ஒரு டீச்சர் வீட்டுக்கு வந்து சொல்லித்தருவாராம். எங்கள் வீட்டு நிலைமை உங்களுக்குத் தெரியும். புளி உலுக்கி முடித்ததும் அப்பாவும் அம்மாவும் கேரளாவுக்குத் தோட்ட வேலைக்குப் போய்விடுவார்கள். பூட்டின வீட்டுக்கு எந்த டீச்சர் வருவார்? சினேகாவோடு வீட்டில் இருக்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் நான்தான். அப்பா இதை இன்னும் வாயால் சொல்லவில்லை. ஆனால் வேறு யார் இருக்கிறார்கள்? நான் ஒன்பதாவதை முடிப்பேனா என்பதே நாளைக்குத்தான் தெரியும்.

நீங்கள் எங்கள் பள்ளிக்கு வந்த வருஷம் நான் ஏழாவது. சமையல்கட்டுக்குப் பின்னால் அரிசி மூட்டை போட்டிருந்த அறையைக் காலி செய்து உங்கள் வகுப்புக்குக் கொடுத்தார்கள். சுவரில் எலி ஓட்டை இருந்தது. நீங்கள் அதில் துணியைத் திணித்து, அதன்மேல் ஒரு பூனைப் படத்தை ஒட்டினீர்கள். சினேகா, காது கேட்காத ஒரு பையன், கை கால் இழுத்துக்கொள்ளும் இரண்டு பேர், இன்னும் சிலர் அங்கே வந்தார்கள். மற்றப் பிள்ளைகள் அதை லூசு ரூம் என்று சொல்வார்கள். ஏழாவதுக்கு வந்தும் எழுத்துக் கூட்டுகிறாள் என்று என்னையும் தினமும் ஒரு பீரியடு அங்கே அனுப்பினார்கள். வரும்போது யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே நுழைவேன். சமையல்கட்டில் தண்ணீர் குடிக்கப் போவதுபோலப் போய், அந்தப் பக்கம் திரும்பிவிடுவேன். உங்களுக்கு அது தெரியும். ஒருநாள், "தண்ணி குடிச்சாச்சா?" என்று கேட்டீர்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "நாளைக்கு எனக்கும் ஒரு சொம்பு எடுத்தா" என்றதோடு விட்டுவிட்டீர்கள்.

நீங்கள் என்னைப் படித்துக்காட்டச் சொல்லவில்லை. பரீட்சை எதுவும் வைக்கவில்லை. சினேகாவுக்கென்று நீங்களே ஒரு புத்தகம் செய்திருந்தீர்கள். உங்கள் போனில் அவளைப் படம் எடுத்து, ஊருக்குப் போகும்போது பிரிண்ட் போட்டு, பழைய காலண்டர் அட்டையில் ஒட்டிக் கொண்டுவந்தீர்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு படம், படத்துக்குக் கீழே ஒன்றிரண்டு வரி. சினேகா தட்டைக் கழுவுகிறாள். சினேகா மணி அடிக்கிறாள். அதை என் கையில் கொடுத்து அவளுக்குப் படித்துச் சொல்லச் சொன்னீர்கள். எனக்குப் படிக்கத் தெரியாதே என்றேன்.

"அவளுக்கும் தெரியாதே. நீ தப்பாப் படிச்சா யாரு கண்டுபிடிக்கப் போறா?"

அதைக் கேட்டதும் எனக்குத் தைரியம் வந்தது. வகுப்பில் எழுந்து நின்றால் பக்கம் முழுக்க எறும்பு ஊர்வதுபோல இருக்கும். ஒரு வரியிலிருந்து கண் வழுக்கி அடுத்த வரிக்குப் போய்விடும். பின்னாலிருந்து சிரிப்பார்கள். சினேகா சிரிக்க மாட்டாள். என் தோளில் சாய்ந்து, வாயில் விரலை வைத்துக்கொண்டு, படத்தைப் பார்ப்பாள். நீங்கள் தோல் ஜன்னலை வரியின்மேல் வைத்துக் காட்டினீர்கள். "முழுப் பக்கத்தையும் பாக்காத, அது பெருசு. ஜன்னல்ல என்னா தெரியுதோ அத மட்டும் பாரு" என்றீர்கள். நான் ஒவ்வொரு வரியாகப் படித்தேன். தினமும் அதே புத்தகம். எனக்கும் அலுக்கவில்லை, அவளுக்கும் அலுக்கவில்லை. ஒருநாள் அவசரத்தில் மணி அடிக்கிற வரியைத் தாண்டிவிட்டேன். சினேகா புத்தகத்தின்மேல் ஒரு அடி போட்டு, "மணி, மணி" என்று கத்தினாள். அவளுக்குப் புத்தகம் முழுக்க மனப்பாடம் ஆகியிருந்தது. "பாத்தியா, உன்ன கண்டுபிடிக்க ஒரு ஆளு வந்துட்டா" என்று சொல்லிவிட்டு நீங்கள் சிரித்த சிரிப்பில் சமையல்கார அம்மா எட்டிப் பார்த்தார்.

ஆனால் அந்த முதல் மாதங்களில் நீங்கள் சிரித்தது குறைவு. சினேகா உங்கள் கையைக் கடித்துவைத்திருந்தாள். அந்தத் தழும்பை மறைக்க வளையலை மேலே ஏற்றிப் போட்டுக்கொள்வீர்கள். ஏன் கடிக்கிறாள் என்று உங்களுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. கிள்ளுவாள், தண்ணீரைக் கொட்டுவாள், சாக்பீஸை எடுத்து வீசுவாள். அதற்காகத்தான் அந்தப் போர்டை மாட்டினீர்கள்.

நாளைக்கு நான் சொல்ல வேண்டியது அந்தப் போர்டைப் பற்றித்தான். அதனால் எனக்கே சரியாக ஞாபகம் வருகிறதா என்று எழுதிப் பார்க்கிறேன்.

வெள்ளைத் தாளில் ஒரு கருப்புக் கம்பம். கம்பத்தின் மேல்பாதியில் மூன்று வட்டம். அடியில் பச்சை, நடுவில் மஞ்சள், உச்சியில் சிவப்பு. எல்லோருடைய போட்டோவையும் துணி காயப்போடும் கிளிப்பில் ஒட்டி, காலையில் பச்சையில் மாட்டுவீர்கள். தப்பு செய்தால் கிளிப் மஞ்சளுக்குப் போகும். மறுபடியும் செய்தால் சிவப்புக்கு. ஊரில் இருக்கிற பெரிய பள்ளிகளில் எல்லாம் இப்படித்தான் மாட்டியிருப்பார்கள் என்று சொன்னீர்கள். மாட்டிய பிறகு சினேகா இன்னும் மோசமானாள். கிளிப் மேலே போகப் போகக் கை தட்டினாள். சாயங்காலம் பச்சையில் இருப்பவர்களுக்கு எல்லோரையும் கைதட்டச் சொல்வீர்கள். தனக்குத்தான் தட்டுகிறார்கள் என்று நினைத்து அவள் எல்லோரையும்விடச் சத்தமாகத் தட்டுவாள். காது கேட்காத பையன் ஒரு வம்புக்கும் போக மாட்டான். ஆனால் நீங்கள் திரும்பியதும் தன் கிளிப்பைத் தானே எடுத்துச் சிவப்பில் மாட்டிக்கொள்வான். நீங்கள் இறக்குவீர்கள், அவன் ஏற்றுவான்.

ஒருநாள் நீங்கள் களைத்துப்போய்த் தரையில் உட்கார்ந்துவிட்டீர்கள். போர்டைக் காட்டி, இது இன்னான்னு தெரியுமா உங்களுக்கு என்று கேட்டீர்கள். மரம் என்றார்கள். "இன்னா மரம்?" என்றீர்கள். கை இழுத்துக்கொள்ளும் பெண் கொஞ்சம் யோசித்து, "எலந்த மரம் டீச்சர்" என்றாள். நீங்கள் எழுந்துபோய்ப் பச்சையில் விரலை வைத்தீர்கள். காய் என்றார்கள். மஞ்சள், செங்காய். சிவப்புக்கு விரல் போவதற்கு முன்பே எல்லோரும் சேர்ந்து பழம் என்றார்கள். சினேகாவும் சொன்னாள்.

நீங்கள் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டீர்கள். தோள் குலுங்கியது. அழுகிறீர்கள் என்று நினைத்துப் பயந்துவிட்டேன். பார்த்தால் சிரிக்கிறீர்கள். "யா அல்லா, கடிச்சதுக்கெல்லாம் இவளுக்கு நானே பழம் குடுத்துனு இருந்துருக்கேன்."

நானும் அதை மரம் என்றுதான் நினைத்திருந்தேன் டீச்சர். சிக்னல் கம்பத்தை நான் கண்ணால் பார்த்ததில்லை. நான் போன தூரம் திருப்பத்தூர் பஸ் ஸ்டாண்டுதான். இங்கே யாராக இருந்தாலும் சின்ன வயதில் முதலில் கற்றுக்கொள்வது இலந்தை பொறுக்கத்தான். பச்சையைத் தொட்டால் அம்மா தட்டிவிடுவாள், தொண்டை கட்டிக்கொள்ளும் என்பாள். வெயில் படுகிற உச்சிக் கிளையில்தான் முதலில் சிவக்கும். முள்ளைத் தாண்டி அதைப் பறிப்பவள் கெட்டிக்காரி. காப்பித் தோட்டத்திலும் சிவந்ததைத்தான் பறிக்க வேண்டும், பச்சையைப் பறித்தால் மேஸ்திரி கத்துவான் என்று அப்பா சொல்வார். பிறந்ததிலிருந்து இதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளைப் பச்சையிலேயே இருங்கள் என்று சொன்னால் எப்படி இருப்பார்கள்?

அன்றைக்கே போர்டைக் கழற்றிச் சுருட்டினீர்கள். தூக்கிப்போடவில்லை. "கவர்மெண்டு சாமான், கணக்கு கேப்பாங்க" என்று பீரோவின் தலையில் வைத்தீர்கள். மறுநாள் எங்களையே ஒரு காய்ந்த இலந்தைக் கிளையை வெட்டிவரச் சொல்லி, முள்ளைச் சீவி, ஒரு டால்டா டப்பாவில் மண் போட்டு நட்டீர்கள். உங்கள் அண்ணனிடம் சொல்லிச் சிவப்புத் தோலில் சின்னச் சின்ன வட்டமாக வெட்டி வாங்கி வந்தீர்கள். யார் எது நல்லதாகச் செய்தாலும் உடனே ஒரு பழம் கிளையில் தொங்கும். தப்பு செய்தால் தொங்காது, ஏற்கெனவே தொங்குவதைக் கழற்றவும் மாட்டீர்கள். சினேகாவுக்கு என்று தனியாக இரண்டு பை தைத்தீர்கள். முதல் பையில் செய்ய வேண்டிய வேலையின் படம், அடுத்த பையில் அதற்கப்புறம் கிடைக்கப்போவதின் படம். முதலில் புத்தகம், அப்புறம் மணி. அடுத்து என்ன என்று தெரிந்துவிட்டால் அவள் பாதி சண்டை போட மாட்டாள். கோபம் வருகிறபோது, மூலையில் இருந்த புளியங்கொட்டைச் சாக்குக்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டு அளையச் சொல்வீர்கள். அதில் அவளுக்கு அப்படி ஒரு சுகம். கடிப்பது நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். எப்போதாவது ஒருமுறை என்று ஆனது.

ஒரு தடவை அப்பா என்னைப் பார்க்க வந்தார். பள்ளிக்கூடம் என்றால் அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வாசல்படிக்கு வெளியே நிற்பார். "அண்ணா, உள்ள வந்து ஒக்காருங்க" என்று நாற்காலியைப் போட்டுவிட்டு, நீங்கள் தரையில் உட்கார்ந்துகொண்டீர்கள். சினேகாவைப் பற்றி ஒரு புகாரும் சொல்லவில்லை. வீட்டில் அவள் என்னவெல்லாம் செய்வாள் என்று அப்பாவைக் கேட்டீர்கள். அப்பாவிடம் அதுவரைக்கும் யாரும் அதைக் கேட்டதில்லை. "கோழிக்கு தீனி போடும்ங்க. நம்மள மாதிரி அளந்து போடாது, கை நெறையப் போடும். கோழிங்கல்லாம் அது பின்னாலயே சுத்துங்க" என்றார். சொல்லும்போது அப்பாவின் முகம் வேறு மாதிரி இருந்தது. அடுத்த வாரம் சினேகாவின் புத்தகத்தில் கோழிக்கு ஒரு பக்கம் சேர்ந்தது.

போன ஐப்பசி மழையில் ஒரு வெள்ளிக்கிழமை உங்களுக்குக் காய்ச்சல் அடித்தது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு பஸ் ஏறினீர்கள். சினேகாவிடம் திங்கட்கிழமை வருகிறேன் என்று விரலைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனீர்கள். அடுத்த வாரம் பிரேயரில், அந்தக் காய்ச்சலிலேயே நீங்கள் போய்விட்டீர்கள் என்று ஹெச்.எம். சார் சொன்னார். நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு நின்றோம். பிறகு முதல் பீரியடு கணக்கு நடந்தது. சினேகாவுக்கு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. சொன்னேன், அவள் கேட்டுக்கொண்டாள், ஆனாலும் தினமும் காலை பஸ் வரும் நேரத்துக்குப் பள்ளிக்கூட வாசலுக்கு ஓடினாள். உங்கள் டிபன் பையை வாங்கிச் சுமந்து வருவது அவள் வேலை அல்லவா? கண்டக்டர் அண்ணன் முதலில் எட்டிப் பார்த்து, "இன்னிக்கும் வரலம்மா" என்பார். அப்புறம் அதைச் சொல்வதையும் விட்டுவிட்டு, ஒரு வெற்று டிக்கெட்டைக் கிழித்து அவள் கையில் கொடுப்பார். அதை வாங்கிக்கொண்டு திரும்பி வருவாள்.

அறையைப் பூட்டிவைத்திருந்தார்கள். பொங்கலுக்கு அப்புறம் புது மிஸ் வந்தார். இன்னும் சில பள்ளிகளையும் அவரே பார்க்க வேண்டியிருப்பதால் வாரத்தில் ஓரிரு நாள்தான் வருகிறார். கெட்டவர் இல்லை டீச்சர். அறையைத் தானே கூட்டினார், ஜன்னலைத் துடைத்தார். காய்ந்த கிளையும் டப்பாவும் குப்பையோடு போய்விட்டன. கிளை சமையல்கட்டு அடுப்புக்குப் போயிருக்கும். பீரோ தலையில் சுருட்டி வைத்திருந்ததைப் பார்த்து, தூசி தட்டி, நாலு மூலையிலும் டேப் ஒட்டி நேராக மாட்டினார். அது ஏன் அங்கே இருந்தது என்று அவருக்கு யார் சொல்வது? நான் இப்போது அந்த அறைக்குப் போவதில்லை. எனக்குப் படிக்க வந்துவிட்டது, மெதுவாகத்தான், ஆனால் வந்துவிட்டது. உள்ளே போர்டு திரும்ப ஏறியது எனக்குத் தெரியாது. சினேகா தண்ணீரைக் கொட்டினாள், தட்டை வீசினாள் என்று காதில் விழும்போதெல்லாம், உங்களைத் தேடுகிறாள் என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

போன வாரம் சினேகா சமையல்கட்டுப் படியிலிருந்து காவ்யாவைத் தள்ளிவிட்டாள். மூன்றாவது படிக்கிற பெண். நெற்றி பிளந்து தையல் போட்டார்கள். நான் ஒன்பதாவது வகுப்பிலிருந்து ஓடினேன். அறையில் புது மிஸ், சினேகாவின் கிளிப்பை எடுத்துச் சிவப்பில் மாட்டிக்கொண்டிருந்தார். வாசலில் ஹெச்.எம். சார், வார்டன் அக்கா, நெற்றியில் துணியை அழுத்திப் பிடித்தபடி காவ்யா. அத்தனை பேருக்கும் நடுவில் சினேகா கை தட்டினாள். என்னைப் பார்த்து இன்னும் பலமாகத் தட்டினாள்.

ஹெச்.எம். சார் சத்தம் போடவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். "ரத்தம் வர்ற மாதிரி தள்ளிட்டு கைதட்டுது பாருங்க. தெரியாம செய்யுதுன்னா வெச்சிக்கலாம். இது சந்தோசப்படுது. மத்த புள்ளைங்களுக்கு நான் பதில் சொல்லணும்."

நான் போர்டைப் பார்த்தேன். எல்லாம் புரிந்துவிட்டது.  சினேகாவின் கையைப் பிடித்துத் தட்டாமல் நிறுத்தினேன். அவ்வளவுதான் செய்தேன். மறுநாள் காவ்யாவின் அம்மா வந்து, என் பெண்ணின் கண் போயிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பே இல்லை.

வார்டன் அக்காவிடம் சொல்லிப் பார்த்தேன். அந்தப் போர்டில் சிவப்பு மேலே இருக்கிறது, அவளுக்கு அது பழம் என்றேன். அவர் பருப்பு அளந்துகொண்டிருந்தார். "போர்டுல இன்னாடி கீது? அடிச்சது போர்டா, உன் தங்கச்சியா? பெரியவங்க பேசிப்பாங்க, நீ போய் படி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நான் சொல்வது அவருக்கு ஒரு சாக்குப்போலத்தான் பட்டிருக்கும். ஹெச்.எம். சாருக்கும் அப்படித்தான் படுமோ என்று பயமாக இருக்கிறது.

எனக்கே ஒரு சந்தேகம் இருந்தது. உங்கள் நாற்காலியில் காவ்யா ஏறி உட்கார்ந்தாள், அந்தக் கோபத்தில்தான் பிறகு படியில் தள்ளினாள் என்று ஒருத்தி சொல்கிறாள். அதுவும் இருக்கலாம். இன்று சாயங்காலம் சினேகாவுக்குத் தலை சீவிவிட்டுக்கொண்டே, எதுக்குடி காவ்யாவத் தள்ளின என்று கேட்டேன். திட்டுகிற குரலில் கேட்கவில்லை. இன்னாத்துக்கு செஞ்சான்னு தெரிஞ்ச பெறகு திட்டு, தெரியாம திட்டாத என்று நீங்கள் சொல்வீர்களே. சினேகா கையைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினாள். "மேல" என்றாள். பிறகு தன் நெஞ்சைத் தொட்டு, "பாப்பா மேல" என்றாள். தன்னைப் பாப்பா என்றுதான் சொல்லிக்கொள்வாள் என்பது உங்களுக்குத் தெரியும். அவள் முகத்தில் துளி வஞ்சம் இல்லை. பரிசு வாங்கியதைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

போர்டை எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாளைக்கு நான் சொல்லப்போவதில்லை. அது பொய். அவள் தள்ளியது தப்பு, காவ்யாவுக்கு வலித்தது, அதை அவளுக்குப் புரியவைக்க வேண்டும். அதற்கு நாளாகும். நான் கேட்கப்போவது அந்த நாட்களைத்தான். புளியங்கொட்டைச் சாக்கு இன்னும் ஸ்டோரில் இருக்கிறது. இரண்டு பையும் என் பெட்டியில் இருக்கின்றன. கிளை வெட்டிவர எனக்குத் தெரியும். புது மிஸ்ஸுக்கு இதையெல்லாம் காட்டினால் செய்யமாட்டார் என்று தோன்றவில்லை. அறையைக் கூட்டியவர் அல்லவா?

வெறும் வாயால் சொன்னால் எடுபடாது என்று தெரிந்ததால் ஒரு காரியம் செய்திருக்கிறேன். மைதானத்துக்குப் பின்னால் இருக்கிற மரத்தில் இலந்தை பறித்து ஜியாமெட்ரி பாக்ஸில் போட்டு வைத்திருக்கிறேன். பச்சையும் இருக்கிறது, சிவப்பும் இருக்கிறது. அவற்றை மேசைமேல் கொட்டி, இதில் நல்லதாக ஒன்று எடுத்து சாருக்குக் கொடு என்று சினேகாவிடம் சொல்லும்படி புது மிஸ்ஸைக் கேட்கப் போகிறேன். அவள் எதை எடுப்பாள் என்று எனக்குத் தெரியும். எடுத்ததை சாருக்குக் கொடுப்பாளா, தன் வாயில் போட்டுக்கொள்வாளா என்பதுதான் தெரியாது. போட்டுக்கொண்டாலும் சிவப்பைத்தான் போட்டுக்கொள்வாள். அதையாவது பார்க்கட்டும். அப்புறம் போர்டில் இருக்கிறது என்ன மரம் என்று கேட்கச் சொல்வேன்.

இங்கே உட்கார்ந்து எழுதும்போது எல்லாம் சுலபமாக இருக்கிறது. நாளைக்கு அந்த அறையில் ஹெச்.எம். சார் இருப்பார், புது மிஸ் இருப்பார், காவ்யாவின் அம்மாவும் வரலாம். அப்பா வாசல்படிக்கு வெளியே துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்று, அவர்கள் என்ன சொன்னாலும் சரிங்க சார் என்பார். அப்பா சரி என்று சொல்லிவிட்டால் முடிந்தது. அதற்கு முன்னால் நான் பேச வேண்டும். பெரியவர்கள் பேசும்போது நான் குறுக்கே பேசினதே இல்லை. சாரை எதிர்த்துப் பேசுகிறாள் என்று அப்பாவே என்னை அடக்கலாம். வகுப்பில் எழுந்து நின்றபோது பக்கம் முழுக்க எறும்பு ஊர்ந்ததே, அதுபோல நாளைக் காலை முழுவதும் என் கண்முன்னால் ஊர்கிறது. பஸ் ஸ்டாப், பூட்டின வீடு, கோழிகள், பாதியில் நிற்கிற என் புத்தகங்கள் எல்லாம் ஒரே சமயத்தில் தெரிகின்றன.

தோல் அட்டையை உள்ளங்கையில் வைத்து மூடியிருக்கிறேன். நாளைக்கும் இதைக் கையில் வைத்துக்கொண்டுதான் போவேன். வெளியே யாருக்கும் தெரியாது. வாசனை வேண்டுமானால் வரும். முழுப் பக்கத்தையும் பார்க்கப் போவதில்லை டீச்சர். முதலில் ஒரு நாற்காலியை இழுத்து, அப்பாவை உள்ளே வந்து உட்காரச் சொல்வேன். அந்த ஒரு வரிதான் இப்போது ஜன்னலில் தெரிகிறது.